ஸ்போர்ட்ஸ் காரை மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கலாமா என்று கேட்டு என் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். அவர் காரின் ஆயில் மூடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். உட்பக்கம் முழுக்க வெண்ணெய் அப்பியது மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பசை. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சா அண்ணே?" என்றார். முகமே மாறிவிட்டது. இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது, கிழிந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்து இப்படிப் பசையாகும். ஆனால் கூலன்ட் குறையவில்லை, வெள்ளைப் புகை இல்லை, பிரஷர் டெஸ்ட் செய்து பார்த்ததிலும் கசிவு இல்லை. "ஆபீஸ் எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டேன். நாலு கிலோமீட்டர். காலையில் நாலு, சாயங்காலம் நாலு. ஆறு வருஷமாக ஆசை ஆசையாக வைத்திருக்கும் ரோட்ஸ்டர், அதாவது கூரையைத் திறந்து ஓட்டும் இரண்டு சீட் கார், ஒரு நாள்கூட முரட்டுத்தனமாக ஓட்டியதில்லை என்று பெருமையாகவே சொன்னார்.

சிக்கலே அதுதான்.

ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகவே போகும். அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, அந்த ஆவியிலும் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இந்த ஈரமெல்லாம் ஆவியாகி வெளியே போய்விடும், பெட்ரோலிலும் பெரும்பகுதி போய்விடும். பத்து நிமிஷத்தில் ஆபீஸ் வந்து சாவியைத் திருப்பிவிட்டால் எங்கே போகும்? அங்கேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது, அப்படியானால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த முள் சொல்வது கூலன்டின் சூட்டை மட்டும்தான். ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும், ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் ஆயிலின் அளவும் கூடுதல் என்பதால் இன்னும் தாமதம்.

பட்டறையில் இத்தனை வருஷம் நின்று பார்த்ததில் சொல்கிறேன், ரேஸ் டிராக்கில் அடிபட்டு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களைவிட ஆபீஸ் போய் நொந்து வரும் ஸ்போர்ட்ஸ் கார்களே அதிகம். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இன்ஜின் 9000 ஆர்பிஎம் வரை, அதாவது நிமிஷத்துக்கு 9000 சுற்று வரை சுழலும், ஏறக்குறைய 6000-ஐத் தாண்டினால்தான் வால்வைத் திறக்கும் கேம் (cam) மாறி வால்வு இன்னும் அகலமாகத் திறக்கும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த இன்ஜின் 6000-க்கு மேலேதான் குடியிருக்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் 2000-ல் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. கிளட்ச் மட்டும் தேயும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வகை இன்ஜினாக இருந்தால் காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வைக் கழுவிவிட அங்கே பெட்ரோல் வருவதில்லை, ஆகவே கார்பன் படியும். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்டிருந்தால் குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் ரப்பர் விறைத்துப் பிடிப்பும் குறையும்.

சரி, அப்படியானால் விற்றுவிடலாமா என்றால், அதையும் அவசரமாகச் சொல்ல மாட்டேன். இந்தத் தம்பி என்னிடம் சொன்ன முதல் காரணம் மைலேஜ். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தினம் 8 கிலோமீட்டர், வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 2000 கிலோமீட்டர். இப்போதைய கார் லிட்டருக்கு 10 கொடுத்தால் 200 லிட்டர், வாங்கப் போகும் கார் 20 கொடுத்தால் 100 லிட்டர். மிச்சம் வருஷத்துக்கு 100 லிட்டர் பெட்ரோல், அவ்வளவுதான். அதற்காக அவர் வாங்க நினைத்ததோ ஷோரூமிலிருந்து புத்தம் புது கார். புது காரின் மதிப்பு மற்ற எந்த வருஷத்தையும்விட முதல் சில வருஷங்களில்தான் வேகமாகச் சரியும். அவருடைய பழைய ரோட்ஸ்டரோ சரிய வேண்டியதெல்லாம் சரிந்து கிட்டத்தட்ட ஒரு மட்டத்தில் நின்றுவிட்ட கார். நூறு லிட்டரை மிச்சம் பிடிக்க அதைப்போலப் பல மடங்கை இழக்கத் தயாராக இருந்தார். (நாலு கிலோமீட்டருக்குச் சைக்கிளே போதும் என்று வாய் வரைக்கும் வந்தது. மெக்கானிக் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பிழைப்பது எப்படி?)

அதனால் இந்தப் பேச்சோடு வரும் எல்லோரிடமும் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். எங்கே போனீர்கள், எத்தனை நிமிஷம், கூட யார், இறங்கும்போது முதுகும் முழங்காலும் என்ன சொன்னது. சிலருக்கு மாதக் கடைசியில் அந்த நோட்டே பதில் சொல்லிவிடுகிறது. ஒருவருக்குக் காரில் குறையே இல்லை, சீட்டின் அடிப்பகுதி ஃபோம் உள்ளே அமுங்கிப்போய் முதுகு வலித்துக்கொண்டிருந்தது, அதை மாற்றிக் கொடுத்தோம், இன்னும் அதே காரில்தான் போகிறார்.

நம் தம்பியின் நோட்டில் மூன்றாவது வாரம் ஒரு வரி இருந்தது. "டாக்டர்கிட்ட, குழந்தையோட." பிறந்து இரண்டு மாதம் ஆன குழந்தை. ரோட்ஸ்டரில் பின் சீட் கிடையாது. குழந்தை சீட்டை முன்னால், பின்பக்கம் பார்த்தபடி வைத்துக் கட்டி, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏர்பேக்கை நிறுத்தினீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதை மட்டும் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருக்கும் முன் சீட்டில், பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும். அந்தச் சீட்டின் முதுகு டேஷ்போர்டுக்கு மிக அருகில் இருக்கிறது, குழந்தையின் தலை அதற்கு நேர் பின்னால். சின்ன மோதல்கூட குழந்தையின் உயிரைப் பறித்துவிடலாம். சில இரண்டு சீட் கார்களில் ஏர்பேக்கை நிறுத்த சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் உண்டு, சிலவற்றில் கிடையாது. மேனுவலைப் பாருங்கள். நிறுத்த வழியில்லை என்றால் அந்தக் காரில் கைக்குழந்தையை ஏற்றவே கூடாது, டாக்டர் வீடு பக்கத்துத் தெருவாக இருந்தாலும் சரி. அவருடைய காரில் சுவிட்ச் இல்லை. மைலேஜ் கணக்கில் முடியாத விஷயம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

ஆனாலும் மனசு விடவில்லை. "வச்சுக்கிட்டு லீவு நாள்ல மட்டும் எடுத்தா என்னண்ணே?" என்றார். இடமும் பணமும் இருந்தால் நல்ல யோசனைதான், நிறுத்தி வைப்பதும் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டால். பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் சார்ஜர் வேண்டும். டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயசாகும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பிரேக் ஃப்ளூயிட் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பெட்ரோலும் மாதக்கணக்கில் கிடந்தால் கெடும். எலி வயரைக் கடித்து வந்த கார்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இதில் பலர் செய்வது, வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஆஃப் செய்வது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த ஆயில் மூடிப் பசையைத் தாங்களே தயாரிக்கிறார்கள். எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், முடியாவிட்டால் தொடவே வேண்டாம். அவர் வீட்டில் ஒரு காருக்குத்தான் நிழல் இருந்தது, கைக்குழந்தை வீட்டில் மாதம் ஒரு அரை மணி நேரம்கூட உறுதி இல்லை. விற்பது என்று முடிவானது.

மாற்றாக எதை வாங்குவது என்பதில்தான் நான் பார்த்த பெரிய தப்பு நடக்கிறது. அன்பாக வைத்திருந்த காரைக் கொடுக்கும் துக்கத்தில், அதன் சாயல் உள்ள ஒன்றைத் தேடுகிறோம். ஹேட்ச்பேக்தான், ஆனால் 19 அங்குல வீல், இறுக்கமான சஸ்பென்ஷன், பக்கெட் சீட். எண்களைப் பாருங்கள். 245/35 ஆர்19 டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர், 205/60 ஆர்16-ல் அது 123. தினமும் குழியில் இறங்கி ஏறும் முதுகுக்கு அந்த 37 மில்லிமீட்டர் எவ்வளவு பெரிது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பழைய காரின் சுகமும் வராது, புது காரிடமிருந்து வேண்டிய நிம்மதியும் கிடைக்காது. இரண்டே வருஷத்தில் அதையும் விற்க வருகிறார்கள். வேலைக்கு வாங்குவதை வேலைக்காரனாகவே வாங்குங்கள் என்பது என் கட்சி.

இன்ஜினையும் உங்கள் பயணத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மைலேஜ் வருமே என்று டீசல் வாங்கி, குறுகிய தூரத்துக்கே ஓட்டுபவர்கள் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். நாலு கிலோமீட்டரில் அது வருவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஊர்ந்து ஊர்ந்து போகும் நீண்ட டிராஃபிக் என்றால் பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் நன்றாகப் பொருந்தும். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸோடு வந்த அமைப்பில் தேய்வதற்குக் கிளட்ச்சே இல்லை, மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மோட்டார்தான் இழுக்கும். ஆனால் அதிலும் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவதால் ரொம்பக் குறைந்த தூரத்துக்கு ஆயில் சூடேறுவது இன்னும் தாமதம். இரண்டு கிளட்ச் வைத்துக் கியர் மாற்றும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் வகையை ஊர்ந்து போகும் டிராஃபிக்குக்கு நான் சொல்வதில்லை, சூடாகித் தேயும். நாலு கிலோமீட்டர், வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி என்றால் எலெக்ட்ரிக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. சூடேற இன்ஜின் ஆயிலே கிடையாது. பழையதாக வாங்கினால் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம், எந்தக் காரானாலும் டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் செய்யாமல், நீங்கள் ஆபீஸ் போகும் அதே நேரத்தில் அதே வழியில் செய்யுங்கள், குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

விற்கும்போது இரண்டு விஷயம். எக்ஸ்சேஞ்ச் வசதியானதுதான், ஆனால் பழைய காருக்கு நல்ல விலை போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கும் காரின் விலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது பழைய கணக்கு. கடைசியில் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்ற ஒரே எண்ணைக் கேளுங்கள். பழைய காரின் லோன் பாக்கி அதன் இன்றைய விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த மீதியைப் புது லோனில் சேர்த்துவிடலாம் என்பார்கள். சேர்த்தால் கையில் இல்லாத காருக்கு வருஷக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, நீங்கள் மாட்டிய தாழ்ந்த ஸ்பிரிங், சத்தம் போடும் எக்ஸாஸ்ட் இதற்கெல்லாம் வாங்குபவர் காசு கொடுப்பது அபூர்வம். கழற்றித் தனியாக விற்று, காருக்கு அதன் சொந்தப் பாகங்களை மாட்டிவிடுங்கள். வார்னிங் லைட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டுக் காட்டும் வேலை வேண்டாம், சமீபத்தில் அழித்திருந்தால் காரின் சுயபரிசோதனைகள் முடியாமல் நிற்பதை எங்களைப் போன்றவர்கள் அதே ஸ்கேனரில் பார்த்துவிடுவோம். சாவி கொடுக்கும் முன் மியூசிக் சிஸ்டத்திலிருந்து போன் நம்பர்களையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள், மொபைல் ஆப் இருந்தால் அதிலிருந்தும் காரை நீக்குங்கள்.

தம்பி கடைசியில் வாங்கியது மூன்று வருஷம் ஓடிய சின்ன எலெக்ட்ரிக் ஹேட்ச்பேக். ரோட்ஸ்டரை எக்ஸ்சேஞ்சில் போடாமல் நேரடியாக ஒருவருக்குக் கொடுத்தார். ஓய்வு பெற்றவர், வண்டி பார்க்க வந்தபோது கூரையைத் திறந்து மூடுவதிலேயே பத்து நிமிஷம் செலவழித்தார். சாவி கைமாறியபோது தம்பி பக்கத்துக் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார், நானும் ஒன்றும் பேசவில்லை.

போன மாதம் அந்த ரோட்ஸ்டர் ஆயில் மாற்ற வந்தது. எட்டு மாதத்தில் 9000 கிலோமீட்டர் ஏறியிருந்தது, பானட்டின் முன் விளிம்பெல்லாம் பூச்சி அடித்த தடம், கூரையின் மடிப்புக்குள் மணல். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஆயிலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.