நம்ம எல்லார்கிட்டயும் இருக்குற ஒரு ஒட்டு

குரோமோசோம் (செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருண்டு கிடக்குற கட்டு) லேப்ல வேலை பாக்குறேன், மைக்ரோஸ்கோப்ல எண்ணி, கருப்பு வெள்ளைப் பட்டைய வச்சு ஜோடி சேத்து ரிப்போர்ட் எழுதுறதுதான் தினப்படி வேலை. ஒருநாள் ரிப்போர்ட் வாங்க வந்தவர் முகமே வெளிறிப் போயிருந்துச்சு, 46 இருக்க வேண்டிய இடத்துல அவருக்கு 45. "ஒண்ணு காணோமே மேடம், எனக்கு ஏதாவது ஆயிடுமா?"ன்னு கேட்டார். காணாமல்லாம் போகலைங்க, ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கிச்சு, உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல, குழந்தைன்னு வரும்போது மட்டும் கவுன்சலிங் எடுத்துக்கங்கன்னு சொன்னேன். ஆயிரம் பேர்ல சுமாரா ஒருத்தருக்கு இப்படி இருக்கும்.

வேற வகையில ஒட்டுனதுதான், ஆனா நம்ம எல்லார்கிட்டயுமே ஒரு ஒட்டு இருக்கு. சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாத்துக்கும் 48, நமக்கு 46. சிம்பன்சியோட ரெண்டு சின்ன குரோமோசோமை நுனிக்கு நுனி வச்சா நம்ம 2ஆம் நம்பர் குரோமோசோமோட பட்டை கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். பட்டை பொருந்துறது தற்செயலா இருக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஆனா 1991ல அந்த ஒட்டுன இடத்தோட டிஎன்ஏ எழுத்தையே படிச்சுட்டாங்க. வழக்கமா குரோமோசோம் நுனியில வர்ற டிடிஏஜிஜிஜி வரிசை இங்க நடுவுல கிடக்கு, கொஞ்ச தூரம் ஒரு பக்கமா ஓடி அப்படியே எதிர்ப்பக்கமா திரும்புது, ரெண்டு கயிறை முடிச்சு போட்ட மாதிரி. போதாததுக்கு, வேலை செய்யாத இன்னொரு சென்ட்ரோமியரோட (செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கப் பிடிக்குற இடம், வழக்கமா ஒண்ணுதான் இருக்கும்) மிச்சமும் அதே குரோமோசோம்ல இருக்கு.

நாமளும் சிம்பன்சியும் ஒரே மூதாதையில இருந்து வந்தோம்ங்கறதுக்கு, ரெண்டு பேர் டிஎன்ஏ எத்தனை சதவீதம் ஒத்துப்போகுதுங்கறதை விட எனக்கு இந்த மாதிரி தழும்புகள்தான் பெரிய சாட்சி. எப்பவோ தொத்துன வைரஸ் டிஎன்ஏவுக்குள்ள செருகிட்டுப் போன துண்டு, நமக்கும் சிம்பன்சிக்கும் ஆயிரக்கணக்கான இடத்துல அதே எடத்துல உக்காந்திருக்கு. தனித்தனியா தொத்தியிருந்தா இத்தனை இடம் ஒத்துப்போக வழியே இல்ல.

குரங்குல இருந்து வந்தோம்னா குரங்கு ஏன் இன்னும் இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: சிம்பன்சி நமக்கு தாத்தா இல்லைங்க, பங்காளி. ரெண்டு பேருக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் வருஷம் முன்னாடி இருந்தது.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். 2012ல கொரில்லா ஜீனோமை (மொத்த டிஎன்ஏவை) ஒப்பிட்டப்ப, ஏறக்குறைய 30 சதவீத இடத்துல நாமளும் சிம்பன்சியும் ஒருத்தருக்கொருத்தர் நெருக்கமா இருக்குறதை விட கொரில்லாதான் நமக்கோ சிம்பன்சிக்கோ நெருக்கமா இருந்துச்சு. மூதாதைக் கூட்டத்துல ஒரே ஜீனுக்கு பல வடிவம் இருந்து, பிரியும்போது ஆளுக்கொண்ணா போனதால வர்ற குழப்பம் இது. ஜீனோம் முழுசையும் சேத்துப் பாத்தா சிம்பன்சியும் போனோபோவும்தான் நமக்கு நெருக்கம், அப்புறம் கொரில்லா, அப்புறம் ஒராங்குட்டான். அதனால ஒத்தை ஜீனை வச்சு இந்த உறவுக் கதை எல்லாமே தப்புன்னு யாராவது மெசேஜ் அனுப்பினா, மிச்ச ஜீன் என்ன சொல்லுதுன்னு கேளுங்க.