ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் என்ஜின்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் டேவிஸ் அணைப் பகுதியிலிருந்து யூனியன் கணவாய்க்கு ஏறும் நெடுஞ்சாலை, டிரக் பொறியாளர்களுக்கு நன்கு பழகிய இடம். சுமார் 18 கிலோமீட்டருக்குள் அந்தச் சாலை ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. கோடையில் வெப்பநிலை 40 டிகிரியை எளிதாகத் தாண்டுகிறது. பிக்கப் டிரக்குகளின் இழுவைத் திறனை நிர்ணயிக்க எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 விதிமுறை, இந்த ஏற்றத்தையே அளவுகோலாகக் கொண்டது. வெளிக்காற்று 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்கும்போது, ஏ.சி.யை முழு அளவில் ஓடவிட்டு, டிரெய்லரை இழுத்துக்கொண்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் டிரக் மேலே போய்ச் சேர வேண்டும். இரட்டைப் பின்சக்கரம் கொண்டவற்றுக்கு மட்டும் 56 கிலோமீட்டர் போதும்.

இந்தச் சோதனையில் தேறிய மாடலாகவே இருந்தாலும், சில ஆண்டுகள் ஓடிய டிரக் ஒன்று அன்றாட ஓட்டத்தில் எந்தக் குறையும் காட்டாமல் இருந்துவிட்டு, டிரெய்லரை மாட்டி மலையேறும்போது மட்டும் ஹீட் ஆவதுண்டு. பெரும்பாலோர் முதலில், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்ற திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள்; சரியாகவில்லை என்றால் அதைச் சுழற்றும் வாட்டர் பம்ப், அதன் பிறகு அதன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் ரேடியேட்டர் என்று செலவு நீள்கிறது. பாகங்களை இப்படி வரிசையாக மாற்றிப் பார்ப்பதைப் பழுதறிதல் என்று சொல்ல முடியாது. சுமையோடு ஏறும்போது மட்டும் சூடாகிறது என்ற அந்தச் செய்தியே பாதிப் பதிலைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதைப் படிக்கச் சிறிய கணக்கொன்று போடவேண்டியிருக்கிறது.

டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 6 டன் எடை என்று கொள்வோம். சராசரியாக 5 சதவீதச் சரிவில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 50 கிலோவாட்டுக்குச் சற்று மேல் தேவைப்படுகிறது. டயர்களின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தால் அது சுமார் 75 கிலோவாட் ஆகிறது. அதே டிரக் டிரெய்லர் இல்லாமல் சமதளத்தில் அதே வேகத்தில் செல்ல 15 கிலோவாட் தாராளம். பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் ஆற்றல் தோராயமாக மூன்று பங்காகப் பிரிகிறது: ஒரு பங்கு வேலையாகிறது, ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது, ஏறத்தாழ ஒரு பங்கு கூலன்ட்டைச் சேர்கிறது. ஆகவே அன்றாடம் 15 அல்லது 20 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றிவந்த ரேடியேட்டர், ஏற்றத்தில் 75 கிலோவாட்டை வெளியேற்றியாக வேண்டும். பாதிக் குழாய்கள் அடைபட்ட ரேடியேட்டர்கூட முதல் வேலையைக் குறையில்லாமல் செய்யும். இரண்டாவது வேலையில்தான் அது பிடிபடுகிறது.

அந்த வெப்பம் உலோகத்திலிருந்து கூலன்ட்டுக்கும், கூலன்ட்டிலிருந்து காற்றுக்கும் கைமாறுகிறது. நொடிக்கு 3 லிட்டர் கூலன்ட் சுழன்றால், 75 கிலோவாட்டைக் கொண்டுபோக, ரேடியேட்டருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் உள்ள வெப்பநிலைகளுக்கு இடையே 7 டிகிரி வேறுபாடு போதும். காற்றின் பக்கமோ கடினமானது: அதே வெப்பத்தை ஏற்கும் காற்று 35 டிகிரி சூடாகிறது என்றாலும், நொடிக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் துடுப்புகளின் ஊடே போயாக வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் அந்தக் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால்தான், அமெரிக்கப் பாலைவன ஏற்றங்கள் சிலவற்றில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் பலகைகளை நட்டிருக்கிறார்கள்.

எந்தக் கைமாற்றத்தில் தடை என்பதை மேற்சொன்ன வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது. ரேடியேட்டருக்குள் கூலன்ட் நுழையும் மேல் ஹோஸுக்கும் வெளியேறும் கீழ் ஹோஸுக்கும் இடையே 20 டிகிரி, 25 டிகிரி என்று விழுகிறதென்றால் கூலன்ட் மெதுவாக ஓடுகிறது. அரிக்கப்பட்ட பம்ப் இறக்கை, வழுக்கும் பெல்ட், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உள்ளே உப்புப் படிந்த குழாய்கள் ஆகியவற்றை நோக்க வேண்டும். வேறுபாடு சிறியதாகவே இருந்து, இரு ஹோஸ்களின் வெப்பநிலையும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால், கூலன்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்திய பின் அளந்தால் சுமை இறங்கிவிடுவதால் பாதி உண்மைதான் கிடைக்கும். இரு ஹோஸ்களிலும் வெப்ப உணரிகளைக் கட்டி, ஏறும்போதே பதிவுசெய்வது நல்லது. டாஷ்போர்டு முள்ளை இதற்கு நம்ப முடியாது. பல வண்டிகளில் அது கணிசமான வெப்பநிலை வீச்சுக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். வண்டியின் கணினித் தகவல்களைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் மலிவான ரீடர் ஒன்றைச் செருகினால் உண்மையான எண் தெரிந்துவிடும்.

காற்றுப் பக்கத்துக் குறைகளில் என் சந்தேகம் முதலில் ஃபேன் கிளட்சின் மீதே விழும். பெரிய டிரக்குகள் பலவற்றில் ஃபேன் என்ஜினோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதில்லை. இடையில் சிலிகோன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் இருக்கிறது. அதன் முகப்பில் உள்ள இரட்டை உலோகச் சுருள், ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டால் திருகி ஒரு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் நெருக்கமான பள்ளங்களுக்குள் பாய்ந்து, தன் பிசுபிசுப்பால் ஃபேனை இழுத்துச் சுழற்றுகிறது. நல்ல நிலையில் உள்ள கிளட்ச் பிடிக்கும்போது எழும் பெரும் இரைச்சல் ஓட்டுநரின் இருக்கை வரை கேட்கும். முள் ஏறியும் அந்த இரைச்சல் எழவில்லை என்றால் அதுவே வலுவான தடயம். சூடான என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைச் சுண்டினால், அது தடையில்லாமல் பல சுற்றுகள் சுற்றக் கூடாது. கிளட்சின் மையத்திலிருந்து ஆரக்கால்கள்போல எண்ணெய்க் கறை பரவியிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். வெறும் வண்டி நெடுஞ்சாலையில் போகும்போது எதிர்க்காற்றே போதுமானதாக இருப்பதால், செத்துப்போன கிளட்சை மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது அழுக்கு. கிரில் வழியே எட்டிப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது ஏமாற்றம். நாம் பார்ப்பது கண்டென்சரை. பூச்சிகளும் தூசியும் எண்ணெயோடு கலந்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கம்பளிபோல் படிந்திருக்கும். மேல் பிடிகளைக் கழற்றி இடைவெளி உண்டாக்கி, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, துடுப்புகள் மடங்காத அளவுக்கு மெல்லிய அழுத்தத்தில் நீர் அடிக்க வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்தோ கழன்றோ இருந்தால் ஃபேன் என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

இரண்டு சிறிய பொருள்கள் அடிக்கடி விடுபடுகின்றன. ஒன்று கீழ் ஹோஸ். அது பம்பின் உறிஞ்சும் பக்கம் என்பதால், உள்ளிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போனால், என்ஜின் வேகமாகச் சுழலும்போது மட்டும் ஹோஸ் சப்பி ஓட்டத்தை நெரிக்கும். நின்ற நிலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்றொன்று ரேடியேட்டர் மூடி. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி அதை ஏறக்குறைய 129 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால், புகை வால்வுகளைச் சுற்றியுள்ள மிகச் சூடான இடங்களில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, கூலன்ட்டை வெளியே தள்ளிவிடுகின்றன.

ஏற்றத்தில் ஓட்டுநர் செய்யக்கூடியதும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. வேகத்தைக் குறைத்தால் தேவைப்படும் திறன் குறைகிறது, வெப்பமும் குறைகிறது. கியரையும் இறக்கினால், பம்பும் ஃபேனும் வேகம் குறையாமல் சுழல்கின்றன. தானியங்கி கியர் உள்ள வண்டிகளில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டப்படாமல் வழுக்கினால், அந்த எண்ணெயின் சூடும், பல மாடல்களில், அதே ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்தான் வந்து சேர்கிறது. கியர் இறக்குவது பூட்டு நிலைக்க உதவும். அதையும் மீறி வெப்பநிலை ஏறினால் ஓரங்கட்டி, ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கூலன்ட் கசியவில்லை என்றால் என்ஜினைச் சற்று உயர்ந்த ஐடிலில் ஓடவிட வேண்டும். மூடியைத் திறக்கவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் மீதமிருப்பது, சிலிண்டர் தலைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட். சிலிண்டரில் எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கூலன்ட்டில் கலந்திருந்தால், ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயின் நீலத் திரவம் மஞ்சளாகும். சிலிண்டரின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் திறக்கும் சிறு கசிவு குளிர்ந்த என்ஜினில் தென்படாமல் போகலாம் என்பதால், டிரெய்லரோடு ஏறி இறங்கி, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறியபின் சோதிப்பது பயன்தரும். கேஸ்கெட் போயிருப்பது உறுதியானாலும், பல வண்டிகளில் அது அதிக வெப்பத்தின் விளைவாகவே போயிருக்கும். ஃபேன் கிளட்சையும் ரேடியேட்டரையும் பார்க்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், புதியதும் அடுத்த மலையில் அதே இடத்தில் எரியும்.