பழைய ஜாய்ஸ்டிக், புதிய கணினி: நடுவில் விடுபட்டது எது?

பழைய ஜாய்ஸ்டிக்கின் 15 பின் பிளக்கைச் செருக இன்றைய கணினியில் இடமே கிடையாது. பிளக்கின் வடிவத்தை யூஎஸ்பியாக மாற்றித் தரும் ஒரு அடாப்டர் இருந்தால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கம்பிக்குக் கம்பி இணைத்துத் தரும் அடாப்டரால் இங்கே பயனில்லை. இத்தனைக்கும் ஜாய்ஸ்டிக்கில் ஒரு பழுதும் இருக்காது. அதன் கம்பியில் எண் என்று எதுவுமே போவதில்லை, அதுதான் விஷயம்.

ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தால், ரேடியோவின் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் அதே மாறு மின்தடை தெரியும். இடம்-வலத்துக்கு ஒன்று, மேல்-கீழுக்கு ஒன்று. தண்டை அசைத்தால் மின்தடை ஏறத்தாழ 0 முதல் 100 கிலோ ஓம் வரை மாறும், அவ்வளவுதான். அதை அளப்பது முழுக்க முழுக்கக் கணினியின் பொறுப்பு.

1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசிக்குக் கொண்டுவந்த கேம் அடாப்டர் அட்டை இதை எளிமையாகச் செய்தது. ஒவ்வொரு அச்சுக்கும், அதாவது இடம்-வலம், மேல்-கீழ் என்ற ஒவ்வொரு அசைவுக்கும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு சிறிய மின்தேக்கி. விளையாட்டு நிரல் 'தொடங்கு' என்று சொன்னதும், ஜாய்ஸ்டிக்கின் மின்தடை வழியாக அந்த மின்தேக்கி நிரம்ப ஆரம்பிக்கும். மின்தடை குறைவென்றால் சீக்கிரம் நிரம்பும், அதிகமென்றால் தாமதமாகும். நிரல் திரும்பத் திரும்ப 'முடிந்ததா, முடிந்ததா' என்று கேட்டு, எத்தனை முறை கேட்டோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கைதான் தண்டின் நிலை! நேரம் சுமார் 24 மைக்ரோவிநாடியிலிருந்து 1,100 மைக்ரோவிநாடி வரை போகும். மலிவான நான்கு டைமர்களை வைத்து இவ்வளவையும் சாதித்தது அருமையான பொறியியல் என்றே நினைக்கிறேன்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. கணினி வேகமானதாக இருந்தால், அதே நேரத்துக்குள் கூடுதல் முறை எண்ணிவிடும். அதனால்தான் அந்தக் கால விளையாட்டுகள் ஆரம்பத்திலேயே தண்டை மூலைக்குத் தள்ளி பட்டனை அழுத்தச் சொல்லும். விண்டோஸ் விஸ்டாவோடு இந்த 15 பின் போர்ட்டுக்கான ஆதரவே போய்விட்டது.

1996-இல் வந்த யூஎஸ்பி இந்த வேலையைக் கைமாற்றியது. இதில் அளப்பது கண்ட்ரோலரின் வேலை. அதோடு செருகிய உடனே 'எனக்கு இரண்டு அச்சுகள், நான்கு பட்டன்கள், மதிப்பு 0 முதல் 255 வரை' என்று அது தன்னைப் பற்றிச் சொல்லவும் வேண்டும். பழைய ஜாய்ஸ்டிக்குக்கு அளக்கவும் தெரியாது, சொல்லவும் தெரியாது. எனவே நடுவில் வரும் அடாப்டருக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரல் எழுதக்கூடிய ஒரு குட்டிக் கணினிச் சிப், இருந்தாக வேண்டும். (மைக்ரோசாஃப்ட்டின் சைட்விண்டர் பிரிசிஷன் ப்ரோவோடு வந்த சின்ன அடாப்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். யூஎஸ்பி பேசும் சிப் அந்த ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே இருந்தது. மற்றவற்றுக்கு அது உதவாது.)

ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையை வைத்து இதை வீட்டிலேயே செய்பவர்கள் பலர். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்தடையை மின்னழுத்தமாக மாற்ற, சுற்றின் தரை இணைப்புக்கு (கிரவுண்ட்) 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்ப்பார்கள். தண்டு ஒரு ஓரத்தில் இருக்கும்போது 5 வோல்ட், மறு ஓரத்தில் 2.5 வோல்ட். அப்படியென்றால் நடுவில் 3.75 வரவேண்டும்தானே? ஆனால் வருவது 3.33. அதை அப்படியே அனுப்பினால், கையை எடுத்த பிறகும் விளையாட்டில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். நிரலில் கணக்குப் போட்டு இதைச் சரிசெய்யலாம். அதைவிட எனக்குப் பிடித்த வழி, 1981-இன் முறையையே மைக்ரோகண்ட்ரோலருக்குள் வைத்துவிடுவது. மின்தேக்கி நிரம்பும் நேரம் மின்தடையோடு நேராகவே கூடுவதால் கோணல் வராது.

சரி, இப்போது விண்டோஸின் கண்ட்ரோலர் பட்டியலில் ஜாய்ஸ்டிக் தெரிகிறது, அச்சும் அசைகிறது. ஆனால் விளையாட்டு கண்டுகொள்ளவில்லை. ஏன்? பழைய யூஎஸ்பி கண்ட்ரோலர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவை 'மூன்றாவது பட்டன்' என்று மட்டுமே சொல்லும். 2005-இல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை ஒட்டி வந்த எக்ஸ்இன்புட் முறையிலோ ஏ, பி, எக்ஸ், ஒய் என்று எல்லாவற்றுக்கும் நிலையான இடம் உண்டு. பல புதிய விளையாட்டுகள் அதை மட்டுமே கேட்கின்றன. ஸ்டீம் இன்புட் போன்ற மென்பொருள்கள் நடுவில் நின்று, எந்த எண் எந்தப் பட்டன் என்று பொருத்திக் கொடுக்கும். அப்போதும் இரண்டாவது தண்டு கேட்கும் விளையாட்டுக்கு இரண்டு அச்சு ஜாய்ஸ்டிக் போதாது.

இதற்குப் பொருத்தமான இடம், டாஸ் காலத்து விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடும் பழைய விளையாட்டுகள்தான். அங்கே யூஎஸ்பி வழியாக வந்த எண்ணை டாஸ்பாக்ஸ் மறுபடியும் காத்திருப்பு நேரமாக மாற்றுகிறது, பழைய நிரல் அதை எண்ணிக்கொள்கிறது. தண்டு தானாக ஒரு பக்கம் நகர்வதுபோலத் தெரிந்தால், டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பின் ஜாய்ஸ்டிக் பகுதியில் 'டைம்டு' (timed) என்ற வரியை மாற்றிப் பாருங்கள்.