"டல்லா இருக்காரு, கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போறவங்களுக்கு

வார்டுல ஷிஃப்ட் மாறுற நேரத்துல தினமும் காதுல விழுற பேச்சு தான் இது. போறவங்க ஹேண்ட்பேக்க தோள்ல மாட்டிக்கிட்டே சொல்லுவாங்க, வர்றவங்க தலைய ஆட்டிக்கிட்டே நோட்ல எழுதுவாங்க, "டல், டு அப்சர்வ்". எதை அப்சர்வ் பண்ணணும், எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ, என்ன ஆனா டூட்டி டாக்டர எழுப்பணும், ஒண்ணும் கிடையாது. வர்றவங்களுக்குத் தெரியாது. போறவங்களுக்குத் தெரியும், ஆனா தனக்குத் தெரியும்ங்கறதே அவங்களுக்குத் தெரியாது, அங்க தான் பிரச்சனையே. நர்ஸிங் டிரெய்னிங் பாக்குற நான் இதைக் கிளாஸ்ல கத்திக் கத்தி ஓஞ்சு போய்த் தான் இப்ப எழுதறேன், ஏன்னா சமீபத்துல இன்னொரு கேஸ்.

டெங்கு. காலேஜ் பையன், அஞ்சாவது நாள், அன்னிக்கு மத்தியானம் தான் காய்ச்சல் விட்டுச்சு. வீட்டாளுங்களுக்கு ஒரே சந்தோஷம், பிளேட்லெட் எவ்ளோன்னு மணிக்கொரு தடவ கேட்டுக்கிட்டு இருந்தாங்க (பிளேட்லெட்ட மட்டும் பாக்குற இந்த வியாதிக்கு மருந்தே இல்ல, அது தனிப் புலம்பல்). ஈவ்னிங் டூட்டில இருந்த சீனியர் சிஸ்டருக்கு மட்டும் பையன் சரியாப் படல. நைட் வந்த பொண்ணுகிட்ட "டல்லா இருக்கான்டி, பாத்துக்கோ"ன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணும் பாத்துச்சு, போறப்ப வர்றப்ப எல்லாம் எட்டிப் பாத்துச்சு, பையன் தூங்குறான், தூங்குற பையன ஏன் எழுப்பணும்னு விட்டுருச்சு. விடியக்காலைல பல்ஸ் கைக்குக் கிடைக்கல. ஐசியூல வச்சு இழுத்துக் கொண்டு வந்துட்டாங்க, பொழச்சுட்டான். எல்லா தடவையும் இப்படி முடியாது.

விசாரணைன்னு உக்காந்தா, எல்லாரும் அந்த நைட் டூட்டி பொண்ணத் திட்டுறாங்க. நான் சீனியர் சிஸ்டர்கிட்ட கேட்டேன், "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" "என்னமோ தோணுச்சும்மா, அனுபவம் தான்." சரின்னு வேற மாதிரி கேட்டேன், "பெட்டுகிட்ட போனீங்கல்ல, முதல்ல என்ன பாத்தீங்க?" அப்ப வந்துச்சு பாருங்க. காலைல ஃபோனும் கையுமா இருந்த பையன் ஃபோன தலமாட்டுல போட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேன்யூலா (மருந்து ஏத்துற குழாய்) பாக்கக் கையப் புடிச்சா விரலெல்லாம் சில்லுனு இருந்துச்சு, காய்ச்சல் விட்ட கை அப்படி இருக்காது. வயிறு வலிக்குதுன்னு ரெண்டு தடவ சொன்னான். மத்தியானத்துக்கு அப்புறம் யூரின் போன மாதிரி தெரியல. பிபி 100/84.

இதுல எதும்மா "என்னமோ"? ஒவ்வொண்ணும் கண்ணால பாத்தது, கையால தொட்டது. பிபி 100 இருக்குல்லன்னு நைட்ல விட்டுட்டாங்க, ஆனா மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி வெறும் 16. டெங்குல அது 20 அல்லது அதுக்குக் கீழ வந்துட்டாலே ஷாக்குன்னு, அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தலைன்னு, எடுத்துக்கணும். காய்ச்சல் விடுற நேரம் தான் ஆபத்தான நேரம், வயித்து வலி, விடாத வாந்தி, சோர்வு, நிலைகொள்ளாம இருக்கறது, இதெல்லாம் 2009லயே உலக சுகாதார நிறுவனம் போட்ட எச்சரிக்கை லிஸ்ட்ல இருக்கு. அக்காவோட மூளை இதையெல்லாம் அரை நிமிஷத்துல கூட்டிப் போட்டு "டல்"னு ஒரு விடைய மட்டும் வெளிய தள்ளுச்சு. வழி முழுக்க உள்ளயே நின்னு போச்சு, அந்தப் பொண்ணு கைக்கு வந்தது விடை மட்டும், அதை வச்சு அது என்ன பண்ணும்?

எனக்கு அதிகமா எரிச்சல் வர்றது "அதெல்லாம் அனுபவத்துல தானா வரும், சொல்லிக் குடுத்தா வராது"ங்கற பேச்சக் கேட்டா தான். சீனியர்களும் இதைச் சொல்றாங்க, டாக்டர்களும் சொல்றாங்க, மேனேஜ்மெண்ட் ரொம்ப சந்தோஷமா சொல்லுது, ஏன்னா தானா வர்றதுக்குக் காசு செலவு பண்ண வேண்டாம் பாருங்க. அனுபவம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அனுபவம்ங்கறது யாரோ சில பேஷண்ட் உடம்புல கத்துக்கிட்டது. அதை அடுத்த பொண்ணு மறுபடி வேற பேஷண்ட் உடம்புல முதல்ல இருந்து கத்துக்கணுமா? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுறப்ப பாட்டி "பதம் வந்தா இறக்கு"ன்னு மட்டும் சொன்னா நமக்குப் பாதி தடவ கல்லு தான் வரும், ஆனா "தண்ணில ஒரு சொட்டு விடு, கையால உருட்டிப் பாரு, உருண்டா இறக்கு"ன்னு யாரோ ஒருத்தி எப்பவோ சொல்லி வச்சதால தான் புதுசா கல்யாணமானவளும் அதிரசம் சுடுறா. பாட்டியோட அத்தன அனுபவமும் அதுக்குள்ள வந்துராது தான், ஆனா இறக்குறதுக்கு அது போதும்.

இது முடியும்னு காட்டியும் ஆச்சு. பச்சைக் குழந்தை ஐசியூ நர்ஸுங்க, டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே இந்தக் குழந்தைக்கு இன்ஃபெக்‌ஷன் ஏறுதுன்னு கண்டுபுடிப்பாங்க, எப்படின்னு கேட்டா "உள்ளுணர்வு"ன்னு தான் சொன்னாங்க. அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் விடாம, நடந்த கேஸ் ஒண்ண எடுத்து, அப்ப என்ன பாத்தீங்க, அடுத்து என்ன பண்ணீங்கன்னு நிமிஷம் நிமிஷமா கேட்டு, 1993ல கட்டுரையா போட்டாங்க. வெளிய வந்த அடையாளங்கள்ல பல விஷயம் அன்னிக்கு இருந்த மருத்துவப் புத்தகங்கள்லயே கிடையாது. பெரியவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன்னா சிடுசிடுப்பு கூடலாம், குறைப்பிரசவக் குழந்தைக்கு நேர்மாறா, அடங்கிப் போகும். அதைப் பாத்துப் பாத்தே அந்த நர்ஸுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, யாரும் கேக்காததால யாரும் எழுதல.

இன்னும் பக்கத்துல வேணும்னா லேபர் வார்டுக்கு வாங்க. பொறந்த குழந்தை நல்லா இருக்கா இல்லயான்னு ஒரு காலத்துல அனுபவஸ்தங்க பாத்துச் சொல்றது தான். 1952ல விர்ஜீனியா ஆப்கர்னு மயக்க மருந்து டாக்டரம்மா, கலர், இதயத் துடிப்பு, சீண்டினா சிணுங்குதா, கைகால் முறுக்கு, மூச்சு, இந்த அஞ்சுக்கும் 0, 1, 2ன்னு மார்க் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு நம்ம ஊர் பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) நேத்து சேர்ந்த சிஸ்டர் கூட "ஆப்கர் 8"னு சொன்னா ஃபோன்ல அந்தப் பக்கம் இருக்கிற டாக்டருக்குக் குழந்தை கண்ணு முன்னாடி வந்துருது.

உடனே "அப்ப ஒரு ஃபார்ம் போட்டுருவோம்"னு கிளம்பாதீங்க. ஃபார்ம் ஏற்கனவே நிறைய இருக்கு. பெரியவங்க வார்டுக்கு இங்கிலாந்துல 2012ல கொண்டு வந்து 2017ல திருத்துன நியூஸ் (NEWS) ஸ்கோர் இருக்கு, பேஷண்ட் மோசமாகுறத முன்கூட்டியே காட்டுற மார்க், இதுல மார்க் ஏற ஏற ஆபத்து, நம்ம ஊர்லயும் நிறைய இடத்துல சார்ட்ல அச்சடிச்சே வருது. அதுல மூச்சு நிமிஷத்துக்கு 25 அல்லது அதுக்கு மேல போனா அது ஒண்ணுக்கே 3 மார்க், புதுசா குழம்பிப் பேசினாலும் 3. ஆனா சார்ட்ட எடுத்துப் பாருங்க, எல்லா பேஷண்டுக்கும் மூச்சு 20, காலைல 20, ராத்திரி 20, நிமோனியாவுக்கும் 20, குடலிறக்கத்துக்கும் 20. மொத்த வார்டும் ஒரே தாளத்துல மூச்சு விடுது! உடம்பு மோசமாகுறப்ப சீக்கிரமே மாறுறது மூச்சு தான், அதைத் தான் யாரும் எண்ணுறதில்ல. வாட்ச்ச பாத்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, ப்ளீஸ். சும்மா 20னு போடுறதுக்கு அந்தக் கட்டத்தக் காலியா விடுறது மேல், எண்ணலைன்னாவது தெரியும்.

சரி, ஹேண்டோவர், அதான் ஷிஃப்ட் மாறுறப்ப பேஷண்ட ஒப்படைக்கறது. பெட் பக்கத்துல நின்னு குடுங்க, கவுண்டர்ல நின்னு வேண்டாம். "டல்"னு சொல்ல வந்துச்சுன்னா சொல்லுங்க, தப்பில்ல, அந்தத் தோணல் தான் பொக்கிஷம், ஆனா கூடவே "ஏன்னா"ன்னு ஆரம்பிச்சு பாத்தது, தொட்டது, கேட்டது மூணையும் சொல்லுங்க. காரணம் வாயில வரலையா, வர்றவங்க கையப் புடிச்சு பேஷண்ட் கைல வச்சு "இந்தச் சில்லு தான்"னு காட்டிருங்க. சில விஷயத்துக்கு வார்த்தை பத்தாது, அப்ப ரெண்டு கையும் ஒரே இடத்துல இருக்கணும். எப்ப டாக்டரக் கூப்பிடணும்ங்கற எல்லைய நம்பரா சொல்லுங்க.

"புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க தயவு செஞ்சு. இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ஒரே பதில் தான், "புரிஞ்சுது சிஸ்டர்." பதிலா "இவனுக்கு ராத்திரி என்ன ஆனா நீ யாரக் கூப்பிடுவ?"ன்னு கேளுங்க. முழிச்சா, புரியல.

புதுசா வந்த பொண்ணுங்களுக்கு: சீனியர் மேல பயம் இருக்கும், தெரியும். "எப்படி அக்கா தெரியுது?"ன்னு கேட்டா அவங்க சிரிச்சுட்டுப் போயிருவாங்க, "நேத்து மூணாவது பெட்ட பாத்தப்ப என்ன பாத்தீங்க அக்கா?"ன்னு டீ குடிக்கறப்ப கேளுங்க, கொட்டுவாங்க. டாக்டருக்கு ஃபோன் பண்றப்ப நிலைமை, பின்னணி, நீங்க பாத்தது மூணையும் சொல்லிட்டு, நாலாவதா "சார், நீங்க வந்து பாக்கணும்"னு வாய் விட்டுச் சொல்லணும். அந்த நாலாவதுல தான் எல்லாருக்கும் தொண்டை அடைக்குது. டாக்டர்களே, அந்த ஃபோனுக்கு "பிபி நார்மல் தானே"ன்னு எரிஞ்சு விழுந்தீங்கன்னா அடுத்த தடவ ஃபோன் வராது, விஷயம் உங்களுக்கு மார்னிங் ரவுண்ட்ஸ்ல தான் தெரியும்.

கூட இருக்கிற அட்டெண்டர் அம்மாக்கள் "எம் புள்ள இப்படி இருக்க மாட்டானே சிஸ்டர்"னு சொன்னா அதையும் சார்ட்ல எழுதுங்க. அந்தப் பையனப் பத்தி அவங்க தான் சீனியர்.

ஸ்டாஃப் பத்தல, இதுக்கெல்லாம் எங்க நேரம்னு இன்சார்ஜ் சிஸ்டர்கள் கேப்பீங்க. எல்லா பெட்டுக்கும் வேண்டாம். ஷிஃப்டுக்கு யாரோ ஒருத்தர் ரெண்டு பேர் தான் "டல்"லா தோணுவாங்க, அவங்களுக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் கூட நில்லுங்க. அப்புறம் உங்க வார்டுல யாராச்சும் சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போறாங்கன்னா, சால்வையும் குத்துவிளக்கும் வாங்குறதுக்கு முன்னாடி அவங்க கூட ஒரு பொண்ண ரவுண்ட்ஸ் அனுப்புங்க, கைல ஒரு நோட்டோட.