‘சி’ என்னும் சீனச் சொல்லுக்கு நேர்த் தமிழ்

தாய் சி, பாகுவா, சிங்யி ஆகிய மூன்றையும் சீனர் அகவழிப் போர்க்கலைகள் என்பர். மூச்சையும் உடல் தளர்வையும் முதன்மையாகக் கொண்ட இவற்றில் அடிக்கடி வரும், காற்று, மூச்சு எனப் பொருள்படும் ‘சி’ என்னும் சொல்லை ‘ஆவி’ என்று பெயர்த்துவிட்டால், பாளையங்கோட்டை, நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அது முழங்கால் வலிக்குச் செய்யும் பயிற்சியாக நில்லாமல், ‘எந்த ஆவி?’ என்று சபைப் போதகரான ஐயரிடம் போய்க் கேட்க வேண்டிய விசுவாசச் சிக்கலாகிவிடும்.

தாய் சி என்ற பெயரில் உள்ள ‘சி’ இந்தச் சொல்லே அன்று. அது கடைக்கோடி, உச்ச எல்லை எனப் பொருள்படும் வேறோர் எழுத்து; ரோமன் எழுத்தின் வழியே நம்மிடம் வந்ததால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன.

நாம் பேசும் ‘சி’ (நீட்டிச் சொன்னால் தமிழில் வசையாகிவிடும்) மேலெழும் ஆவிப்புகையைக் குறித்தது. அதன் மரபு எழுத்துவடிவில் அடியில் அரிசிக்குரிய குறியும் உண்டு. பின்னர்க் காற்று, மூச்சு, ஊக்கம், சினம் எனப் பொருள் விரிந்தது. இன்றும் வானிலையைக் குறிக்கும் சாதாரணச் சீனச் சொல்லில் இதே ‘சி’ இருக்கிறது. தமிழ் ‘ஆவி’யும் இப்படி விரிந்த சொல்தான், சளி பிடித்தால் நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்க யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் வேதாகமத் தமிழ் ‘பரிசுத்த ஆவி’, ‘அசுத்த ஆவி’ இரண்டுக்கும் அச்சொல்லையே ஆண்டதால், வழிபாட்டுச் சூழலில் அதற்கு வேறு கனம் ஏறிவிட்டது.

சீனக் கிறிஸ்தவர்கள் இதை எவ்வாறு கையாண்டனர் என்பதே நமக்குத் தக்க சான்று. 1919இல் வெளியான சீன வேதாகமமாகிய ஒன்றிய மொழிபெயர்ப்பு, பரிசுத்த ஆவிக்கு ‘லிங்’ என்னும் வேறு சொல்லை ஆள்கிறது. ஆதியாகமம் 2:7இல் நாம் ‘ஜீவசுவாசம்’ என்று வாசிக்கும் இடத்திலோ, ‘சி’ சேர்ந்த சொல் நிற்கிறது. ஆகவே ‘சி’யை ஆவி எனப் பெயர்ப்பது அவர்கள் பிரித்து வைத்ததை நாம் ஒன்றாகக் குழப்புவதாகும்.

‘பிராணன்’ யோக மரபைக் கூடவே இழுத்து வருகிறது. ‘உயிர்ப்பு’ மூச்சைக் குறிக்கும் நல்ல சொல்லே எனினும், கத்தோலிக்கர் காதில் அது ஈஸ்டரையே நினைவூட்டும். எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘வளி’. வளிமண்டலம் என்கையில் அது வெளிக்காற்று. ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்னும் குறளில் (941) உடலுக்குள் இயங்குவது. தொல்காப்பியப் பிறப்பியல் ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று, உந்தியாகிய கொப்பூழிலிருந்து எழுத்தொலியின் பிறப்பைச் சொல்கிறது. தாய் சி பயில்வோரும் முழங்காலைச் சற்றே மடக்கி நின்று, கொப்பூழுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, வயிறு விரிந்து ஒடுங்குவதைக் கவனித்தே மூச்சைப் பழகுவர்.

சொல்லைத் திருத்தியதால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. உலகம் முழுவதும் ‘சி’ என்னும் ஒரே சாரத்தால் ஆனது என்ற கருத்து ஒரு தத்துவம். அதை ஏற்காமலே நிலைகளையும் மூச்சையும் ஒருவர் பயிலலாம், ‘சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது’ என்ற பவுலும் அதைத் தள்ளவில்லை. இதற்கு மாறாக, ‘சி’யே பரிசுத்த ஆவி என்று சமரசம் பேசுவது இன்னும் பெரிய பிழை. வளி அஃறிணை; நம் சபைகளில் ‘ஆவியானவர்’ என்று உயர்திணையிலேயே சொல்கிறோம். பயிற்றுவிப்போர் ‘ஆவியை உள்ளே வாங்குங்கள்’ என்பதை விட்டு, ‘வளியை உந்திக்கு இறக்குங்கள்’ என்று சொல்லலாம்.