கையெழுத்திடும் முன் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படியுங்கள்

சினிமா ஒப்பந்தங்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. பொழுதுபோக்குச் சட்டம், விளையாட்டுச் சட்டம் பற்றி எழுதும் இளம் வழக்கறிஞர்களும் மாணவர்களும் தங்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவதுண்டு. கூடவே, கட்டுரையை வெளியிடவிருக்கும் ஆய்விதழ் கொடுத்த காப்புரிமை மாற்றப் படிவத்தையும் இப்போதெல்லாம் கேட்டு வாங்கிவிடுகிறேன். என்னைக் கவலைப்பட வைப்பது பெரும்பாலும் அந்தப் படிவம்தான்.

அண்மையில் வந்தது, பாடலாசிரியர்களின் ராயல்டி பற்றிய அருமையான கட்டுரை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் திரைப்படப் பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது என்று 2012 திருத்தம் விதித்தது. இரண்டையும் கட்டுரையாளர் தெளிவாக அலசியிருந்தார். அவர் கையெழுத்திடவிருந்த படிவத்திலோ, ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும், இனி வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும், கைம்மாறு ஏதுமின்றி’ என்று இருந்தது. இந்தியாவில் அந்தக் காலம், எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும்.

2012 திருத்தம் தந்த ராயல்டி பாதுகாப்பு திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் சேரும் படைப்புகளுக்குத்தான். ஆய்வுக் கட்டுரைக்குக் கிடையாது. ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டுரையாளருக்கும் பொருந்தும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். படிவம் பேசாமல் இருக்கும் இடங்களில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. அதனால்தான் படிவங்கள் இவ்வளவு பேசுகின்றன!

உரிமையை மாற்றித் தராமல் பிரசுர அனுமதி மட்டும் தருகிறேன் என்று கேளுங்கள். பின்னாளில் உங்கள் நூலில் சேர்க்கவும், வகுப்பில் பயன்படுத்தவும், பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் வைக்கவும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். மரியாதையாக எழுதிக் கேட்டால் இறங்கி வரும் இதழாசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்பதே தவறு என்று இளையவர்கள் நினைப்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டு உடனே பணம் கட்டச் சொல்லும் இதழ்களை விட்டு விலகுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஆய்விதழ்களைக் குறிக்கும் தன் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே பழைய இதழ்களை எடுத்துப் படித்து நீங்களே தரம் பார்க்க வேண்டியதுதான்.

ஏற்றுக்கொண்ட கட்டுரையை மாதக்கணக்கில் கிடப்பில் போடும் இதழ்கள் இன்னொரு தொல்லை. நம் துறையில் அது கட்டுரையையே கொன்றுவிடும். குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்ற 1996 லட்சுமணன் வழக்குத் தீர்ப்பை வைத்து ஆன்லைன் ரம்மிக்காக வாதிட்ட கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அவை எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும் என்கிறது அதே 19ஆம் பிரிவு. அந்த விதி பொருந்தாது என்று படிவத்தில் ஒரு வரி ஒளிந்திருந்தால், அடித்துவிடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.