தண்ணீர் வடிந்துவிட்டது, சுவர் இன்னும் காயவில்லை

மும்பையில் சயான், கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஜூலையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இன்றும் பேசுகிறோம். ஆனால் கணுக்கால் அளவு வந்து, நாலு மணி நேரத்தில் வடிந்துபோகும் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துடைப்பார்கள், ஜன்னலைத் திறந்து போடுவார்கள், தீபாவளிக்கு முன்னால் பெயிண்டும் அடித்துவிடுவார்கள். பொங்கலுக்குள் அந்தப் பெயிண்ட் அப்பளமாக எழும்பி நிற்கும்.

முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் காய்ந்திருந்தால் மட்டும் அணையுங்கள். மீட்டர் ரூமில் தண்ணீர் நின்றால் உள்ளே கால் வைக்காமல் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். முங்கிய சுவிட்ச், பிளக் பாயிண்ட், எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) எதையும் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது, புதிதுதான். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, வயரிங்கை 500 வோல்ட் மெக்கர் (வயரில் மின்கசிவு உண்டா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனுக்கு இணைப்புத் தர வேண்டாம்.

மேல் ஃபிளாட் குழாய் உடைந்து வந்தது நல்ல தண்ணீர், ஆனால் இரண்டு நாள் தேங்கினால் அதுவும் கெட்டதுதான். தெருவிலிருந்து வந்தது எப்போதுமே சாக்கடை என்றே கணக்கு. எலிச் சிறுநீர் கலந்திருப்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கையுறை, கம்பூட் இல்லாமல் இறங்காதீர்கள். ஏற்கெனவே இறங்கியிருந்தால், குறிப்பாகக் காலில் புண் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் சொல்வார்.

சேற்றைச் சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேறு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். 10 லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம் கரைத்து, தெளிந்த நீரைத் தரையிலும் சுவரின் அடியிலும் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கூடவே டாய்லெட் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இனி காயவைப்பது. அதிகம் வாதாட வேண்டியிருப்பது இங்கேதான். ஜன்னலைத் திறந்தால் காயும் என்பது மதுரைச் சித்திரை வெயிலுக்குச் சரி. மும்பை ஜூலையில் வெளிக்காற்று 28 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. 25 டிகிரி, 50 சதவீதம் உள்ள அறையில் அது 11, 12 கிராம்தான். ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீராக்கும் மெஷினான டீஹியூமிடிஃபையரை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். சின்ன அறைக்கு ஏசியின் டிரை மோடும் உதவும். டீஹியூமிடிஃபையரின் வடிகுழாயைப் பாத்ரூமுக்கு விடுங்கள், இல்லையென்றால் நடுராத்திரியில் தொட்டி நிறைந்து மெஷின் நின்றுவிடும். நாளாக ஆகத் தண்ணீர் குறைவாக வந்தால் மெஷின் ரிப்பேர் இல்லை, அறை காய்கிறது. ஃபேனைச் சுவருக்கு நேராக வைக்காமல் சுவரை உரசிப் போகும்படி சாய்த்து வையுங்கள். பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் பிடிக்கத் தொடங்கும். பிடித்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் ஃபேன் போட்டால் வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

தண்ணீர்க் கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை பெயிண்டையும் அதன் அடியில் பூசிய பட்டியையும் (புட்டி) சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஜிப்சம் பார்டிஷனையும் அதே உயரத்துக்கு வெட்ட வேண்டும். மாடுலர் கிச்சனின் அடிப்பட்டையைக் கழற்றினால்தான் பின்னால் தேங்கியது தெரியும். ஊறிய பார்ட்டிகிள் போர்டும் (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை), சாக்கடை நீர் குடித்த மெத்தையும் தேறாது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் காய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்பலாம். மாய்ஸ்சர் மீட்டர் இருந்தால், அதே வீட்டில் நனையாத சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும்.

இன்சூரன்ஸ் இருந்தால் கழுவுவதற்கு முன்பே தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். மாட்டுங்கா மார்க்கெட் போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் நனைந்த சரக்கை, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் குப்பையில் போடாதீர்கள்; பில்லும் ஸ்டாக் புத்தகமும் அடித்தட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.